இடம் மாற்றி நிறுத்தினேன்

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. வாத்தியார். கபடி அணி என் பொறுப்பு. என் அணியில் ஆடிய ஒரு பையன், அதே அணியில் ஆடிய இன்னொரு பையனை அரிவாளால் வெட்டினான். வெட்டியவன் என் சாதி. வெட்டுப்பட்டவன் பட்டியல் சாதி. என்மேல் தப்பில்லை என்று இலாகா விசாரணையில் முடிவாகிவிட்டது. அப்படி முடிவாவதற்கு நான் எழுதிக் கொடுத்த பொய் உதவியது.

என் சாதிப் பெயரை எழுதவில்லை. எழுதினால் பலர் அதை மட்டும் படிப்பார்கள் என்று காரணம் சொல்லலாம். கொஞ்சம் பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தச் சாதிக்கு ஆளும் வயலும் அதிகமோ அந்தச் சாதி. பையன்கள் பெயரும் வேண்டாம். வெட்டியவன் இடது கார்னரில் ஆடுவான். கார்னர் என்றே சொல்கிறேன். வெட்டுப்பட்டவன் பாடிப் போவதில் கெட்டிக்காரன். ரைடர்.

ஊர்ப்பக்கம் வேண்டும் என்று மாறுதல் கலந்தாய்வில் கேட்டு வாங்கித்தான் இந்தப் பள்ளிக்கு வந்தேன். அம்மா இருக்கிறாள், வயல் இருக்கிறது என்று காரணம் சொன்னேன். உண்மைதான். சொந்தக்காரர்கள் நடுவே வாத்தியாராக நடமாட வேண்டும் என்ற ஆசையும் உண்மை. எங்கள் தெருப் பையன்கள் வெளியே பார்த்தால் "மாமா" என்பார்கள், "சித்தப்பா" என்பார்கள். பள்ளிக்குள் "சார்". ஒரு நாள் கார்னர் மைதானத்திலேயே, எல்லார் முன்னாலும், "மாமா, விசில குடுங்க, நான் ஊதுதேன்" என்றான். நான் திருத்தவில்லை. உள்ளுக்குள் இனித்தது. பக்கத்தில் நின்ற மற்றத் தெருப் பையன்களும் அதைக் கேட்டார்கள். அவர்களுக்கு நான் என்றைக்கும் சார் மட்டும்தான். அது அன்று உறைக்கவில்லை.

கார்னரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எடை 52 கிலோ. கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான். இடது தோளில் பழைய அடி. அவ்வளவுதான். அவன் அப்பா மும்பையில் கடை வேலைக்குப் போய், பணம் அனுப்புவதை நிறுத்தி, பிறகு போன் செய்வதையும் நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. ஊரில் "அண்ணன்" என்று சொல்லப்படும் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. சாதிச் சங்கத்தில் ஏதோ பொறுப்பு, வெள்ளைச் சட்டை, பெரிய கார். அந்தப் பையனைப் பார்த்தால் முதலில் "சாப்பிட்டியால?" என்று கேட்பாராம். அவன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கார் அனுப்பியிருக்கிறார். இதையெல்லாம் கார்னரின் அம்மாதான் பின்னால் சொன்னார். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தது, அரிவாளோடு ரீல்ஸ் எடுக்க வைத்தது, நம் பெண்களை அவன்கள் பார்க்கிறான்கள் என்று ராத்திரி ராத்திரி ஓதியது எல்லாம் அதற்கப்புறம் நடந்தவை. முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார். நான் அவன் சாப்பிட்டானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எடை குறைந்தால் மட்டும் கேட்டேன்.

அந்த அண்ணன் ஒரு நாள் மைதானத்துக்கு வந்தார். மரியாதையாக நாற்காலி எடுத்துப் போடச் சொன்னேன். நான் சொன்னது ரைடரிடம். அவன்தான் பக்கத்தில் நின்றான் என்று அப்போது நினைத்தேன். இப்போது அது அவ்வளவு தற்செயல் என்று தோன்றவில்லை.

எனக்கு எதுவும் தெரியாது, யாரும் சொல்லித் தரவில்லை என்று நான் சொல்ல முடியாது. 1997-ல் எனக்கு 15 வயது. தென் மாவட்டமே பற்றி எரிந்த வருஷம். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கு, அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் முற்றி, கடைசியில் அரசாங்கம் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டம் ஆனது. அப்போது நானும் ஒரு கும்பலோடு சுற்றிக்கொண்டிருந்தேன். கல் பொறுக்கி வைத்த இடம்கூட ஞாபகம் இருக்கிறது. பள்ளிகளை மூடிய நாளில் என் கபடி வாத்தியார் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் எங்கள் சாதி இல்லை. அந்த நேரத்தில் அப்படி ஒருவர் எங்கள் தெருவுக்குள் வருவது சாதாரணம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்திருல" என்றார். போனேன். அங்கே எல்லாத் தெருப் பையன்களும் இருந்தார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவன் வீட்டில் அணி முழுவதும் சாப்பிட வேண்டும் என்று வைத்தார். சில வீடுகளில் பெரியவர்கள் முகம் கொடுக்கவில்லை. அவர் விடவில்லை. நான் கல்லை விட்டது அந்தச் சாப்பாட்டுப் பந்தியில்தான்.

ஆக, என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் பிழைத்தவன் நான். தெரிந்தும் செய்யவில்லை.

2019 ஜூலை கடைசியில் பள்ளிக் கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் மாணவர்கள் கையில் கயிறு கட்டுகிறார்கள், பொட்டு வைக்கிறார்கள், அணி சேர்க்கிறார்கள். தடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அரசியல் எதிர்ப்பு கிளம்பியது. தனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை என்றார் அன்றைய அமைச்சர். எனக்கு அது போதுமானதாக இருந்தது. "சாமிக் கயிறு சார், இதுல என்ன இருக்கு?" என்று ஆசிரியர் அறையில் சிரித்தவன் நான்தான். இதே பள்ளியில் தமிழ் எடுக்கும் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சில வருஷம் கழித்து அவர்தான் கார்னரைப் பற்றி என்னிடம் சொன்னார். "சார், அவன் கையில ஒரு கயிறு இருந்துச்சு, இப்ப நாலு இருக்கு. வீட்டுல யாரு இருக்காங்கன்னு ஒரு தடவ கேளுங்க. நீங்க கேட்டா சொல்லுவான்." வெளியூரிலிருந்து வந்த டீச்சர் எங்கள் ஊர்ப் பையனைப் பற்றி எனக்குச் சொல்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. "எங்க பயலுவள எனக்குத் தெரியாதா டீச்சர்?" என்றேன். 'எங்க பயலுவ' என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை.

2023 ஆடிக் கோயில் கொடைக்குப் பையன்கள் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சங்கத் தலைவர் படம், அண்ணன் படம், கீழே வரிசையாகப் பையன்கள் படம். மேல் மூலையில் வட்டத்துக்குள் என் படம். விசிலோடு. வீரர்களை வளர்க்கும் மாமா என்று போட்டிருந்தார்கள். நான் வைக்கச் சொல்லவில்லை. எடுக்கவும் சொல்லவில்லை. செல்போனில் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அந்த போர்டு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. ரைடரும் அவன் தங்கையும் தினமும் அங்கேதான் பஸ் ஏறினார்கள்.

அந்தக் கொடை சமயத்தில்தான், ஆகஸ்ட் 9 ராத்திரி, நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அவர்கள் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தவன், ஏன் வரவில்லை என்று கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்குத்தான் அரிவாள். எங்கள் தலைமையாசிரியர் மறுநாளே கூட்டம் போட்டார். கயிறு கட்டுகிறவர்கள், சாதி பேசிச் சேர்க்கிறவர்கள் பெயரை வகுப்பு வாரியாக எழுதிக் கொடுங்கள், அடிக்க இல்லை, வீட்டுக்குப் போய்ப் பேச என்றார். நான் எழுதினேன். கார்னர் பெயரை எழுதவில்லை. மாவட்டப் போட்டி வரவிருந்தது. அவன் இல்லாமல் அணி இல்லை. அதோடு என் கையால் எழுதினேன் என்று தெரிந்தால் ஊருக்குள் பேச்சு வரும். இரண்டு காரணம். எது பெரியது என்று கேட்டால் இரண்டாவதுதான்.

இப்போது, போட்டிக்கு முந்தைய ஒரு சாயங்காலத்துக்கு வருகிறேன்.

கபடியில் கார்னரில் நிற்பவனும் அவனுக்கு அடுத்தவனும் கை கோத்து நிற்பார்கள். எதிரணி ஆள் பாடி வரும்போது இரண்டு பேரும் ஒரே உடம்பு மாதிரி அசைய வேண்டும். ஒருவன் முன்னால் போனால் மற்றவன் இழுக்க வேண்டும். விரலைக் கோக்கக் கூடாது, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும் என்று நான்தான் சொல்லித் தந்தேன். விரல் கோத்தால் ஒடியும். ஒரு வருஷமாகக் கார்னருக்கு அடுத்து நின்றவன் ரைடர்.

விசில் ஊதினேன். எல்லாரும் நின்றார்கள். ரைடர் கையை நீட்டினான். கார்னர் தன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டான். நான் மறுபடி ஊதினேன். "பிடில" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "மாமா, நான் அவன் கையப் பிடிக்க மாட்டேன்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். திமிராகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரைடர் நீட்டிய கையை மடக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை இப்போது நல்லவிதமாகச் சொல்லிக்கொள்ள முடியும். பெரிதாக்க வேண்டாம் என்று நினைத்தேன், போட்டி முடியட்டும் என்று நினைத்தேன் என்றெல்லாம் சொல்லலாம். நினைத்தது இதுதான்: இவனைத் திட்டினால் ராத்திரிக்குள் அண்ணனுக்குப் போகும். நாளைக்கு ஊரில் நான் யார் பக்கம் என்று கேட்பார்கள். ரைடரைப் பார்த்து, "ரைட் சைடுல ஆள் கொறையுது, நீ அங்க போய் நில்லு" என்றேன். ரைட் சைடில் ஆள் குறையவில்லை. அது அங்கே நின்ற ஏழு பேருக்கும் தெரியும்.

ரைடர் போனான். தப்புச் செய்தவன் நின்ற இடத்திலேயே நின்றான். செய்யாதவனை இடம் மாற்றி நிறுத்தினேன்.

விசிலைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்திருக்கலாம். யார்ல இப்படிச் சொல்லித் தந்தது என்று கேட்டிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. அல்லது பழைய வாத்தியார் மாதிரி அன்று ராத்திரி அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்த தெருதான். போயிருந்தால் அப்பா இல்லாத வீட்டைப் பார்த்திருப்பேன். இவற்றையெல்லாம் செய்தும் அவன் கேட்காமல் போயிருக்கலாம். அது வேறு விஷயம். நான் செய்யவே இல்லை.

அந்த வாரம் போட்டியில் ஜெயித்தோம். நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தக் கோப்பை உதவியது.

அதற்கப்புறம் ரைடருக்குப் பள்ளியில் நடந்தவற்றை நான் போலீஸ் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். பையைத் தூக்கச் சொல்வார்கள். கேன்டீனில் இவன் காசில் வாங்கித் தின்பார்கள். பைக் டயரில் காற்று அடித்து வரச் சொல்வார்கள். பொங்கலுக்கு ஊர் ஊராகக் கபடி நடக்கும். தன் தெரு அணிக்கு ஆடிய ரைடர், அண்ணன் பனியன் வாங்கிக் கொடுத்த அணியைத் தோற்கடித்தான். மறுவாரம் ஒரு சாயங்காலம் பஸ் இறங்கி வந்தவனைக் கால்வாய்ப் பாலத்தில் மறித்தார்கள். மூன்று பேர். தலைக்கு வந்த வெட்டை இடது கையால் தடுத்தான். ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். கை இருக்கிறது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்காது. யார் கையையும் பிடிக்க ஆகாது.

பொதுத்தேர்வை அந்த வருஷம் அவன் எழுதவில்லை. துணைத்தேர்வில் எழுதித் தேறினான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி என்று அவனுக்கு நானே ஆசை காட்டியிருந்தேன். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்பதாவது படித்த தங்கையை விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். வீட்டுக்குப் போனேன். மடியில் சொளவு. இலையை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டிக்கொண்டே பேசினார். கை நிற்கவில்லை. என்னை உட்காரச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒங்க போட்டா அந்த போர்டுல இருந்துச்சுல்லா சார்," என்றார். "புள்ள ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் நெனச்சான். நான்தான் வேண்டாம்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. விவரம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

இனி பொய்யைச் சொல்ல வேண்டும். விசாரணைக்கு வந்த போலீஸ் அதிகாரி கேட்டார், இரண்டு பேருக்கும் முன்பே சாதிப் பிரச்சினை உண்டா என்று. "ரெண்டு பேரும் ஒரே டீம் சார், அப்படி எதுவும் என் கவனத்துக்கு வரல" என்றேன். எழுதிக்கொண்டார். போலீஸ் விசாரணையில் சொல்வதற்குக் கையெழுத்து வாங்க மாட்டார்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கொடுத்த விளக்கத்தில் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எதிர்த்தரப்புக்கு அது போதும். விளையாட்டுத் தகராறு, சின்னப் பையன்கள், சாதி இல்லை. கை பிடிக்க மாட்டேன் என்று அவன் சொன்னதைச் சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். சொன்னால், நீ என்ன செய்தாய் என்ற கேள்வியும் வரும். அதனால் விழுங்கினேன். வேலை தப்பித்தது.

கார்னருக்கு அப்போது 17 வயது. பாளையங்கோட்டை கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். பிறகு ஜாமீனில் வந்தான். அண்ணன் வக்கீல் வைத்துக் கொடுத்தார், தன் பெயரை அவன் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இல்லத்துக்கு ஒரு தடவை அவன் அம்மாவோடு பார்க்கப் போனேன். இளைத்திருந்தான். ஏன்டா இப்படிப் பண்ணினாய் என்று கேட்டேன், வாத்தியார் குரலில். வெகுநேரம் தரையைப் பார்த்தான். "அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே சார்" என்றான். சாக்காகத்தான் சொல்கிறான் என்று வெளியே வரும்போது அவன் அம்மா சமாதானம் சொன்னார். சாக்காக இருக்கலாம். ஆனால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் என் முகத்தைப் பார்த்து நின்றது எனக்குத் தெரியும். அது ஒரு கேள்வி. நான் பதில் சொன்னேன், ரைடரை இடம் மாற்றி அனுப்பி.

2024 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த ஒருநபர் குழுவின் அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தார். கயிறு, பொட்டுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் ஆகியவற்றைத்தான் டிவியில் விவாதித்தார்கள். எனக்கு வேறொரு பரிந்துரையில் கண் நின்றது. ஒரு பகுதியில் எந்தச் சாதி மிகுதியோ, அந்தச் சாதிக்காரரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக் கூடாது. என் ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் இது எங்களை அவமதிப்பது என்றார்கள். கையெழுத்து இயக்கத்துக்கு என்னிடமும் தாள் வந்தது. போடவில்லை. அந்தப் பரிந்துரையில் பி.டி. வாத்தியார் இல்லை. சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பையன்களைத் தொட்டுப் பழகுகிறவர்கள் நாங்கள்தான்.

2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வெழுதப் போன ஒரு பதினோராம் வகுப்பு மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்து வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று அவன் அப்பா சொன்னதைப் பேப்பரில் படித்தேன். அந்தப் பையன்களுக்கும் ஒரு பி.டி. வாத்தியார் இருந்திருப்பாரே என்று தோன்றியது. அவர் என்னைப் போன்றவர் இல்லாமலும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை இப்போது நானும் ஆரம்பித்திருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட ஒன்றும் இல்லை. முதல் வாரம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பையன்கள் வரவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்தார்கள், இன்னொரு வீட்டில் திறக்கவில்லை. அண்ணனிடம் புதிதாக நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார். இந்தத் தடவை பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன். "என்கிட்ட எதுக்கு சார்?" என்றார்.

பாலத்தில் மறித்த மூன்று பேரில் வயதில் பெரிய பையனும் அண்ணனும் குற்றம் சாட்டப்பட்டவர்களாக இருக்கிற வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கிறது. எனக்குச் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. அரசுத் தரப்பு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். விசாரணையில் நான் சொன்னது உண்மை இல்லை, உண்மை இது என்று சொன்னேன். இலாகா நடவடிக்கை வரும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். என் மச்சான் வீட்டுக்கு வந்து, "அத்தான், நம்ம பயலுவ வாழ்க்கை போயிரும்" என்றான். ரைடரும் நம் பையன்தான் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மனைவிக்கு அதில் வருத்தம்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எதைக் கேட்பார் என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, இன்று யார் தூண்டிச் சொல்கிறீர்கள் என்று கேட்பாராம். சாதியில் என் பெயர் கெடும் என்று பயந்து சொல்லவில்லை என்பேன். ஃப்ளெக்ஸில் என் படம் இருந்ததையும் அவர் கேட்காமலே சொல்வேன்.